பிடி அரிசியும் பளிங்குக் கல்லும்

திருநெல்வேலிச் சீமையிலும் நாகர்கோவில் பக்கத்திலும் கிராமத்து வேதக் கோயில்களுக்கு நூறு, நூற்றைம்பது, இருநூறு என்று வயது நிறையும்போது ஒரு மலர் போடுவது வழக்கம். அந்த மலர்களைத் தேடி வாங்கிப் படிப்பது என் பழக்கம். கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கதை எழுதுகிறவனுக்குத்தான் அக்கறை வேண்டும். ஓர் ஊர் தன்னைப் பற்றி எதைச் சொல்லிக்கொள்கிறது, எதைச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறது என்பதைக் கவனிப்பது எங்கள் தொழில்.

மலர்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் பக்கத்தில் பேராயர். அடுத்து, தாடியும் நீண்ட அங்கியுமாக இரண்டு மூன்று ஐரோப்பிய மிஷனரிமார். அப்புறம் நன்கொடை கொடுத்தவர்கள், தொகையின் வரிசைப்படி. நடுவே ‘சபைச் சரித்திரம்’ என்று இரண்டு பக்கம். ஊர் இருளில் கிடந்தது, இன்ன ஆண்டில் இன்ன துரை வந்தார், ஒளி வந்தது, அவர் கோயில் கட்டினார். அவ்வளவுதான் சரித்திரம்! துரை கட்டினார், சரி. கல் சுமந்தது யார்? பனங்கை வெட்டி முகடு போட்டது யார்? வாரம் ஆறு நாளும் அந்தக் கூரைக்கடியில் பிள்ளைகளுக்கு ‘அ’னா ‘ஆ’வன்னா சொல்லிக் கொடுத்துவிட்டு, ஏழாம் நாள் அங்கேயே வேதம் வாசித்த உபதேசியார் யார்? அவருக்குப் படமும் இல்லை, பெயரும் இல்லை.

இந்த மலர்க்காரர்களுக்கு எதிர்க்கட்சி ஒன்று உண்டு. “வெள்ளைக்காரன் அரிசி கொடுத்தான், இவர்கள் வேதத்தில் சேர்ந்தார்கள், அரிசிக் கிறிஸ்தவர்கள்” என்று ஒரே வாக்கியத்தில் அவர்கள் கதையை முடித்துவிடுவார்கள். மலர்க்காரர்களும் இவர்களும் ஒருவரையொருவர் விரோதிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகவே தெரிகிறார்கள். கிராமத்து மனிதனுக்குச் சொந்தமாக ஒரு புத்தியோ தீர்மானமோ கிடையாது, அவனை வேறொருவன்தான் பிடித்து நகர்த்தினான் என்பதில் இருவருக்கும் பேதமில்லை. ஒருவர் நன்றியோடு சொல்கிறார். மற்றவர் இளக்காரமாகச் சொல்கிறார். சரித்திரம் இரண்டு பேரையும் பொய்யர்களாக்குகிறது.

பாளையங்கோட்டையில் 1785-ல் எழுந்த முதல் கோயிலைக் கட்ட முன்னின்றவள் குளோரிந்தா என்ற பிராமண விதவை. அந்தச் சபைகளைக் கட்டிக் காத்த சத்தியநாதன் 1790-ல் குருப்பட்டம் பெற்ற தமிழர். சாத்தான்குளம் பக்கத்துப் பனங்காட்டு ஜனங்களிடம் வேதத்தைக் கொண்டுபோனவர் அவர்களிலேயே பிறந்த சுந்தரானந்தம் டேவிட். வேதத்தில் சேர்ந்ததற்காக அடியும் உதையும் வாங்கியவர்கள் ஒதுங்கி வாழ 1799-ல் அவர் ஓர் ஊரை உண்டாக்கினார். முதல் ஊர் என்பதால் அது முதலூர் ஆயிற்று. நிலம் வாங்கப் பணம் தந்தவர் ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரி என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் பணம் கொடுத்தவர் அங்கே குடியிருக்கவில்லை. குடியிருந்தவர்கள் வீடு வாசலை விட்டு ஓடிவந்தவர்கள். டேவிட் சில ஆண்டுகளுக்குள் இளவயதிலேயே மறைந்துபோனார். நஞ்சிட்டுக் கொன்றார்கள் என்பது அந்தப் பக்கத்து வழக்கு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 1806-ஐ ஒட்டிச் சுமார் பத்து ஆண்டுகள் இந்தச் சபைகளில் தங்கிக் கவனிக்க ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார்கூட இல்லை. 1811-ல் கொள்ளைக் காய்ச்சல் வந்தது. பயந்துபோய்ப் பழைய தெய்வங்களிடம் திரும்பியவர்கள் உண்டு. ஆயினும், 1816-ல் பட்டாளத்துக் குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்ஸ் ஹஃப் தேடிப் பார்த்தபோது, கிராமம் கிராமமாகச் சுமார் மூவாயிரம் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அரிசி கொடுக்க ஆளில்லாத பத்து வருஷம் இவர்களைப் பிடித்து வைத்தது யார்? நாட்டுக் குருமாரும் உபதேசிமாரும் அவர்களுடைய பெண்டுபிள்ளைகளும்தான்.

மேற்கே மயிலாடியிலும் இதே கதைதான். மகராசன் என்ற விவசாயி தஞ்சாவூரில் வேதத்தைக் கேட்டு வேதமாணிக்கமாகத் திரும்பி வந்து, பாதிரியாரைத் தம் ஊருக்கு வேண்டி அழைத்தார். 1806-ல் ரிங்கல்தௌபே வந்தார். 1809-ல் கோயில் எழுந்தது. 1816-ல் ரிங்கல்தௌபே போய்விட்டார். அடுத்த பாதிரியார் வரும்வரை சபைகளைத் தாங்கியவர் அந்த விவசாயிதான். அவருக்குப் பின்வந்த தலைமுறையில், மேலே ஒரு துணி போட்டுக்கொண்டு கோயிலுக்கும் சந்தைக்கும் போனதற்காக அந்தச் சீமைப் பெண்கள் அடிபட்டார்கள்; துணி கிழிபட்டார்கள். கோயில்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. 1859-ல் திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போடும்வரை அது ஓயவில்லை. ஒரு படி அரிசிக்காக எந்தப் பெண்ணாவது இத்தனை அடி வாங்குவாளா?

அரிசி என்று பேச்சு வந்ததால் அரிசிக் கணக்கையே பார்த்துவிடுவோம். உலை வைக்கும்போது, களைந்து போட வேண்டிய அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பாள் கிராமத்துக் கிறிஸ்தவச்சி. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். வீட்டில் அரைவயிறு என்றாலும் கலயத்தில் ஒரு பிடி விழும். பதநீர்க் காலத்தில் முதல் கருப்பட்டி கோயிலுக்கு. அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயும் ஒரு பெட்டைக் கோழியும் ஏலத்தில் ஏறும். சந்தையில் கிடைப்பதைப்போல நாலு மடங்கு விலை கொடுத்து அதை எடுப்பவன் பனையேறி. அசனப் பண்டிகையில் அண்டா அண்டாவாகப் பொங்கி ஊரே உட்கார்ந்து சாப்பிடும். இதெல்லாம் வாங்கித் தின்ற ஜனங்களின் வழக்கமா, கொடுத்துப் பழகிய ஜனங்களின் வழக்கமா? 1903-ல் பாளையங்கோட்டையில் இந்தியன் மிஷனெரி சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, நிஜாம் ராஜ்யத்து டோர்ணக்கல்லுக்குத் தங்கள் காணிக்கையில் ஊழியரை அனுப்பியவர்கள் இந்தக் கிராமத்தார்தான். அதற்கு முன்னின்ற அசரியா வெள்ளாளன்விளைக் கோயில் குருவானவரின் மகன். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். ஆகவே ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்ற பட்டத்தை நான் மறுக்கப் போவதில்லை. அரிசி கொடுத்த கிறிஸ்தவர்கள் என்று பொருள் சொல்லி வைத்துக்கொள்கிறேன்.

“அப்படியானால் மிஷனரிமார் செய்ததெல்லாம் ஒன்றுமில்லையா?” என்று கேட்பார்கள். யார் அப்படிச் சொன்னது? 1830-ல் தர்ம சங்கம் அமைத்து, விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த ரேனியஸை மறப்பவன் நன்றி கெட்டவன். கால்டுவெல் 1847-ல் அஸ்திவாரம் போட்ட இடையன்குடிக் கோயில் முடிந்து பிரதிஷ்டையானது 1880-ல். முப்பத்து மூன்று வருஷம் அதை விடாமல் கட்டியவரைக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் அதே கால்டுவெல் 1849-ல் அந்தப் பனையேறும் மக்களைப் பற்றி எழுதிய ஆங்கிலப் புத்தகம் அவர்களைப் புண்படுத்தியது. அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிடவில்லை. அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை 1857-ல் பிரகாசபுரத்தில் தனிச் சபையே கண்டார். வெள்ளைக்காரர் பணமும் வேண்டாம், அதிகாரமும் வேண்டாம், ஓய்வுநாள் சனிக்கிழமை என்றார். அவருடைய கொள்கை சரியா தவறா என்பது வேறு விஷயம். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவன் பாதிரியாரின் அபிப்பிராயங்களையும் சேர்த்து விழுங்க வேண்டியதில்லை என்று அன்றைக்கே ஒருவர் சொன்னார் என்பதே விஷயம். எத்தனை மலர்களில் அவர் பெயர் இருக்கிறது?

கிராமத்தார் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சாதி இந்தக் கோயில்களுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்திருக்கிறது. கோயிலில் சாதி பார்க்கக் கூடாதென்று 1833-ல் பேராயர் டேனியல் வில்சன் கண்டிப்பாக எழுதினார். இன்றும் கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச் சுவர் வைத்திருக்கும் கிறிஸ்தவ ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. உயிர்த்தெழும் நாளில் அந்தச் சுவரை யார் தாண்டுவது என்பதற்கும் ஒரு கமிட்டி போடுவார்களோ என்னவோ! இதுவும் சபைச் சரித்திரந்தான். இதையும் மலரில் போடட்டும். பெருமையை மட்டும் அச்சிட்டால் அது சரித்திரமல்ல, கல்யாணப் பத்திரிகை.

ஒரு மலர்க் குழுவினர் என்னிடமும் கட்டுரை கேட்டார்கள். அந்த ஊரில் நெடுங்காலம் உபதேசியாராக இருந்து, கடைசியில் கடனோடு செத்துப்போன ஒருவரைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மலர் வந்தபோது பார்த்தேன். நகைக்கடை விளம்பரத்துக்கு முழுப்பக்கம் இடம் இருந்தது.

இது ஏதோ பழங்கதைச் சண்டை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். பிழைப்புக்காகச் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் பணம் அனுப்புகிறார்கள். ஓட்டுக் கூரையும் தேக்கு உத்திரமுமாக நின்ற சின்னக் கோயிலை இடித்துத் தள்ளிவிட்டு, வானத்தை முட்டும் காங்கிரீட் கோபுரம் எழுப்புகிறார்கள். வாசலில் பளபளவென்று பளிங்குக் கல். அதில் திறந்து வைத்தவர் பெயர், ஈந்தவர் பெயர். உள்ளே போனால் கிறிஸ்துமஸுக்கும் அசனத்துக்கும் தவிர மற்ற நாளில் முப்பது கிழவர்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேடு எங்கேயென்று கேட்டால், பீரோவில் கரையான் அரித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஊரின் ஏழைக்குப் பாட்டன் பெயர் எழுதப்பட்ட ஒரே காகிதம் அதுதான்!

நன்றாக யோசித்துப் பாருங்கள். ‘இந்தக் கோயிலை இன்னார் உனக்குக் கட்டிக் கொடுத்தார்’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்க்கப்பட்டவன், பள்ளிக்கூட நிலம் என்ன ஆயிற்று, காணிக்கைக் கணக்கு எங்கே என்று எந்த வாயால் கேட்பான்? தானம் வாங்கியவன் கணக்குக் கேட்கக் கூடாதே. ‘உன் பாட்டி பிடி பிடியாக அரிசி போட்டுக் கட்டியது இது’ என்று சொல்லி வளர்த்திருந்தால், சேகரக் கூட்டத்தில் எழுந்து நின்று அவன் கேட்டிருப்பான். அவன் கேட்காமல் இருப்பது சிலருக்குச் சௌகரியமாக இருக்கிறது. மலர்கள் ஒரே அச்சில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

அடுத்த மலர் போடப்போகிற சபையாருக்கு நான் சொல்வது இதுதான். முதலில் பதிவேட்டைக் கரையானிடமிருந்து பிடுங்குங்கள். உபதேசிமார் பெயரையும், மணி அடித்தவர் பெயரையும், கல் சுமந்த குடும்பங்களையும், கலயத்தில் அரிசி போட்ட கிழவிகளையும் ஊர் நினைவிலிருந்து எழுதி எடுங்கள். நினைவுள்ளவர்கள் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மிஷனரிமார் படங்களுக்கு அவசரமில்லை. அவை வெளிநாட்டு நூல்நிலையங்களில் பத்திரமாகவே இருக்கும்.