வைத்துவிட்டுப் போகிற கூண்டு பொழுதுபோக்கு இல்லை



போன வாரம் எங்க வடிகால் வாய்க்கால் மதகு அடைச்சுக்கிட்டு, தண்ணி வடியாம வயல்ல நின்னுச்சு. சம்பா அறுப்புக்கு பத்து நாள்தான் இருக்கு. வயல் காயலைன்னா டயர் வண்டி இறங்காது, செயின் வண்டிதான் கூப்பிடணும், வாடகை கூட. அதனால நானே இடுப்பளவு தண்ணியில இறங்கி, மதகு வாயில கையை விட்டுத் துழாவினேன். ஆகாயத்தாமரையோட ஒரு நைலான் வலையும் கையில சிக்குச்சு. இழுத்துக் கரையில போட்டுப் பார்த்தா, குடை மாதிரி விரியுற நண்டுக் கூண்டு.

உள்ளே இருந்ததைச் சொல்றேன், கேளுங்க. ரெண்டு நண்டு வெறும் ஓடா கிடந்துச்சு. ஒண்ணு செத்து நாறிப்போயிருந்துச்சு. ஒண்ணு மட்டும் உயிரோட, ஒரு கொடுக்கு இல்லாம. செத்துப்போன தண்ணிப்பாம்பு ஒண்ணு. அடியில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாலாமை, கழுத்தை வெளியே நீட்டினபடி செத்துக் கிடந்துச்சு. ஆமையும் பாம்பும் மூச்சு விட மேலே வந்தாகணும். முழுசா முங்கிக் கிடக்கிற கூண்டுல மேலே எப்படி வர்றது?

இந்தக் கூண்டை வச்சது யாரோ இல்லை. என் மகனோட சென்னையில வேலை பார்க்கிற பிள்ளைங்க. கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தாங்க. நல்ல பிள்ளைங்க, மரியாதை தெரிஞ்சவங்க. ஆன்லைன்ல வாங்குன ஆறு கூண்டும், வழியில பிராய்லர் கடையில வாங்குன ஒரு கவர் கோழிக்கழிவும் கொண்டுவந்தாங்க. எங்கே போடலாம்னு கேட்டப்ப, இடத்தைக் கை நீட்டிக் காட்டினது நான்தான். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் கிளம்புற அவசரத்துல எடுத்தப்ப அஞ்சுதான் கிடைச்சுது. ஒண்ணோட கயிறு அறுந்துபோச்சு. "விடுங்க அங்கிள், நானூறு ரூபாதான்" அப்படின்னு சொல்லிட்டுக் கார்ல ஏறினாங்க. நானும் "சரி தம்பி, பார்த்துப் போங்க"ன்னு கையாட்டிட்டு வந்துட்டேன்.

அந்த நானூறு ரூபா கூண்டு 22 நாள் தண்ணிக்குள்ள வேலை பார்த்திருக்கு. சம்பளம் இல்லை, லீவு இல்லை. இரை தீர்ந்துட்டா சும்மா கிடக்கும்னு நீங்க நினைக்கலாம். அப்படி இல்லைங்க. முதல் நண்டு செத்ததும் அதுவே அடுத்த நண்டுக்கு இரை. அது செத்தா அதுக்கடுத்ததுக்கு இரை. நைலான் மக்காது. வலை கிழியுற வரைக்கும் இது ஓடிக்கிட்டே இருக்கும்.

எங்க ஊர் முத்துப்பேட்டை பக்கம், கடைமடை. கோரையாறும் பாமணியாறும் கடலுக்குப் போற இடம். அலையாத்திக் காட்டுலேர்ந்து உப்புத்தண்ணி ஏறுறப்ப, சேத்து நண்டு வாய்க்கால் வரைக்கும் வரும். சில பேர் களி நண்டும்பாங்க. 2018 நவம்பர் 16-ல கஜா வந்து தென்னையைச் சாய்ச்ச பிறகு, இந்த வாய்க்காலை நம்பிச் சோறு தின்னவங்க எங்க ஊர்ல உண்டு. அதுல ஒரு அம்மா, கரையோரம் காலால துழாவி, வளைக்குள்ள கையை விட்டு நண்டு பிடிப்பாங்க. இன்னைக்கும் அதுதான் அவங்க பிழைப்பு. கூண்டைக் கரையில போட்டுட்டு நான் நின்னப்ப அவங்க வந்தாங்க. ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்துட்டுக் கேட்டாங்க:

"ஏண்ணே, இதைத் திங்கவும் இல்லை, விக்கவும் இல்லை. அப்புறம் எதுக்குப் பிடிச்சாங்க?"

பதில் சொல்ல என்கிட்ட வார்த்தை இல்லை. அதனாலதான் இதை எழுதுறேன்.

நண்டு பிடிக்கிறதே தப்புன்னு நான் சொல்ல வரலை. எனக்கும் நண்டுக் குழம்பு பிடிக்கும். பிள்ளைங்களுக்குத் தண்ணியோரம் உட்கார்ந்து நண்டு பிடிக்கிறது போல ஒரு சந்தோஷம் கிடையாது. ஆனா ஆசைக்குப் பிடிக்கிறவருக்கு ஒரே ஒரு விதிதான் இருக்கணும். நீங்க எழுந்து போனா வேலையை நிறுத்திக்கிற பொறி எதுவோ, அதை மட்டும் எடுங்க. நீங்க போன பிறகும் பிடிச்சுக்கிட்டே இருக்கிற பொறி பொழுதுபோக்குக்கு ஆனது இல்லை.

அப்படிப் பார்த்தா ரெண்டு பொறிதான் தேறும்.

ஒண்ணு, வெறும் கயிறு. முள் வேண்டாம். ஒரு மீன் தலையை உறுதியான கயிறுல கட்டி, கூட ஒரு சின்னக் கல்லைச் சேர்த்துக் கட்டி, கரையோரம் இறக்குங்க. கயிறு மெதுவா நகர்ந்தாலோ விறைச்சாலோ நண்டு பிடிச்சுடுச்சுன்னு அர்த்தம். இப்ப அவசரப்படக் கூடாது. ஒவ்வொரு விரக்கடையா இழுங்க. நண்டு பேராசைக்காரன், தின்கிறதை லேசுல விடமாட்டான். மேலே வெளிச்சம் படுற இடத்துலதான் விடுவான். அதுக்கு முன்னாடியே அடியில கைவலையைக் கொடுத்துத் தூக்கிடணும். பத்துல ஆறு தப்பிக்கும். அந்த ஆறுதான் விளையாட்டு. பத்தும் மாட்டினா அது விளையாட்டு இல்லை, கசாப்புக் கடை.

இன்னொண்ணு, வளைய வலை. பழைய சைக்கிள் ரிம் ஒண்ணு எடுங்க. அதுல பழைய வலையைத் தொளதொளன்னு கட்டுங்க. நடுவுல இரையைக் கட்டி, மூணு பக்கமும் கயிறு போட்டு ஒண்ணா முடியுங்க. தண்ணிக்கு அடியில அது தட்டு மாதிரி படுத்துக் கிடக்கும். நண்டு வரும், திங்கும், வேணாம்னா நடந்து போயிடும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சடார்னு தூக்கினா வலை பை மாதிரி குழிஞ்சு நண்டை ஏந்திக்கும். கயிறு அறுந்து உள்ளேயே தங்கிப்போனாலும் உள்ளே நண்டு அடைபடாது. பழைய இரும்பும் வலையும் அடியில குப்பையாக் கிடக்கும், அதுவும் தப்புதான், தேடி எடுத்துடுங்க. ஆனா அது ஒரு ஆமையை மூழ்கடிச்சுக் கொல்லாது.

"மீனவங்களும் கூண்டு போடுறாங்களே"ன்னு ஒரு தம்பி போன்ல கேட்டான். போடுறாங்க. மறுநாள் விடியக்காலையில அதே இடத்துக்குப் போய் எடுக்கவும் செய்றாங்க. எடுக்கலைன்னா அன்னைக்கு அவங்க வீட்டுல உலை வைக்க முடியாது. உங்களுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. திங்கக்கிழமை காலையில நீங்க கிண்டியில மீட்டிங்ல இருப்பீங்க.

கூண்டுதான் வேணும்னு அடம்பிடிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல நண்டுக் கூண்டுக் கதவை மக்கிப்போற பஞ்சு நூலால கட்டணும்னு சட்டமே இருக்கு. கூண்டு தொலைஞ்சா நூல் இத்துப்போய்க் கதவு திறந்துக்கும். ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துல கூண்டுல சொந்தக்காரன் பேரும் விலாசமும் எழுதியிருக்கணும். நம்ம ஊருக்குப் பஞ்சு நூல்கூட வேண்டாம், வாழைநார் போதும். கூண்டோட ஒரு பக்கத்தை நண்டு நுழையுற அளவுக்கு வெட்டிவிட்டு, அதை வாழைநாரால தைச்சு வையுங்க. ஒவ்வொரு தடவையும் புது நார். கூடவே ஒரு தகட்டுல உங்க பேரும் போன் நம்பரும். பேர் எழுதக் கூச்சமா இருந்தா, கூண்டு போடவும் கூச்சப்படுங்க.

அடுத்து இரை. நாறினாத்தான் நண்டு வரும்னு ஒரு நம்பிக்கை. அந்தப் பிள்ளைங்க கோழிக்குடலை ஒரு ராத்திரி வெயிட் பண்ண வச்சே போட்டாங்க. அது தப்பு. நண்டு கண்ணு பக்கத்துல இருக்கிற குட்டி மீசையை அசைச்சு அசைச்சுத் தண்ணியில வர்ற வாடையைப் பிடிக்குது. அதுக்கு எட்ட வேண்டியது புது மீனோட எண்ணெயும் ரத்தமும். என் அனுபவத்துல மடவை மீன் தலைக்கு ஈடு இல்லை. எலும்பு கெட்டி, நண்டு பிய்ச்சாலும் ஒரு மணி நேரம் தாங்கும். மத்தி வாடை நல்லா இழுக்கும், ஆனா மிருதுவான சதை, பொடி மீனே தின்னு தீர்த்துடும். மத்திதான் இருக்குன்னா ஒரு துண்டு கொசுவலையில பொட்டலமா முடிஞ்சு கட்டுங்க. கோழிதான் இருக்குன்னா தோலோட கழுத்தைக் கட்டுங்க, தாங்கும். குடல் வேண்டாம். கலைஞ்சு மிதந்து போய், மாடு தண்ணி குடிக்கிற இடத்துல ஒதுங்குது. சுருக்கமாச் சொன்னா, உங்க வீட்டு அடுப்படிக்குள்ள விடாத எதையும் எங்க வாய்க்காலுக்குள்ள விடாதீங்க.

பிடிச்ச பிறகும் ஒரு வேலை இருக்கு. நண்டை மல்லாத்தி வயித்து மூடியைப் பாருங்க. ஒடுக்கமா முக்கோணமா இருந்தா ஆண். அகலமா அரைவட்டமா இருந்தா வளர்ந்த பெண். அதை விட்டுடுங்க. சேத்து நண்டுல வளர்ந்த பெண் முட்டை விடக் கடலுக்குப் போகும், ஒண்ணு லட்சக்கணக்குல முட்டை போடும். குயின்ஸ்லாந்துல பெண் சேத்து நண்டை எடுக்கவே கூடாது, ஆண்கூட 15 சென்டிமீட்டர் அகலம் இருந்தாத்தான். கடலோரத்துல நீல நண்டு பிடிச்சா, வயித்துல மஞ்சளா, பழுப்பா முட்டைக்கொத்து தெரிஞ்சா அந்த நிமிஷமே தண்ணியில விடுங்க. பிறகு அடி ஓட்டை அமுக்கிப் பாருங்க. அமுங்கினா அது சட்டை உரிச்ச தண்ணி நண்டு, உள்ளே சதை இருக்காது. அமாவாசை, பௌர்ணமின்னு நாள் பார்க்கிறவங்க உண்டு. நான் நாளைப் பார்க்கிறதில்லை, ஓட்டைத்தான் பார்ப்பேன்.

இவ்வளவும் சொல்ற நான் யோக்கியன்னு நினைச்சுடாதீங்க. என் வயல் வரப்புல நண்டு வளை போட்டு, கட்டின தண்ணி ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போகும். அந்தக் கோபத்துல நானும் பல வருஷம் வளைக்கு வளை ஃபோரேட் குருணை வச்சவன். வச்சுட்டு வீட்டுக்கு வந்து தூங்கினவன். ஒரு தடவை காலையில போய்ப் பார்த்தா, நண்டு தின்ன வந்த நாலு கொக்கு வரப்புல கிடந்துச்சு. ஆறு கொக்கோ ஏழு கொக்கோ வேற எங்கேயாவது போய் விழுந்திருக்கும், யாரு கண்டா. 2020 டிசம்பர் கடைசியோட அந்த மருந்தை அரசாங்கமே தடை பண்ணிடுச்சு. ஆனா நான் விட்டது சட்டத்துக்குப் பயந்து இல்லை, அந்தக் கொக்குகளைப் பார்த்துத்தான். இப்ப வரப்போரம் மண்பானையை வாய் மட்டத்துக்குப் புதைச்சு, வறுத்த தவிடு போட்டு, காலையில நானே போய் எடுக்கிறேன். மழைக்காலத்துல சில பெண் நண்டோட வயித்து மூடிக்குள்ள கடுகு கடுகாக் குட்டிங்க ஒட்டிக்கிட்டிருக்கும். அதைக் குளத்துல கொண்டுபோய் விட்டுடுவேன். வரப்புக்கும் நஷ்டம் இல்லை, குட்டிங்களுக்கும் நஷ்டம் இல்லை.

அதனால உங்க கூண்டும் என் குருணையும் ஒரே ஜாதி. ரெண்டும் வச்சவன் இல்லாதப்ப கொல்லுது. யாரைக் கொல்லுதுன்னு வச்சவனுக்குத் தெரியாது. தெரியாததாலதான் அவனுக்குத் தூக்கம் வருது. மதகுல கையை விட்டதால எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஒரு கூண்டுல என்ன ஆகிடப்போகுது"ன்னும் கேட்பீங்க. எங்க வாய்க்கால் ஒரு கிலோமீட்டர்கூட இல்லைங்க. அதை நம்பி ஒரு அம்மா இருக்காங்க. ஒரு கூண்டு, 22 நாள், நாலு நண்டு என் கண்ணுக்குத் தெரிஞ்சது. ஒவ்வொரு லீவுக்கும் ஒரு கூண்டு தங்கிப்போனா, அந்தம்மா கையை விடுற வளையெல்லாம் காலியாத்தான் இருக்கும்.

உயிரோட இருந்த அந்த ஒத்தைக் கொடுக்கு நண்டை அந்தம்மாகிட்டக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாங்க. பெண் நண்டு. ஒத்தைக் கொடுக்குக்கு வியாபாரி பாதி விலைதான் தருவான்னாங்க. கொஞ்ச நேரம் கையில வச்சிருந்துட்டு, மதகுக்கு அந்தப் பக்கம் தண்ணியில விட்டுட்டாங்க. பாதி விலையும் அவங்களுக்கு ஒரு நாள் காய்கறிச் செலவு.

பொங்கலுக்கு மகன் வந்தப்ப கூண்டைக் காட்டினேன். அவன் கூட்டாளிங்களுக்குப் போட்டோ அனுப்பினான். அதுல ஒரு பையன் எனக்கே போன் பண்ணினான். "சாரி அங்கிள், எவ்வளவு தரணும்?"னு கேட்டான். பணம் வேண்டாம் தம்பி, அடுத்த தடவை கூண்டு இல்லாம வா, ரெண்டு மீன் தலையும் ஒரு கயிறும் நான் தர்றேன், சாயந்திரம் வரைக்கும் பக்கத்துலயே உட்காருன்னு சொன்னேன். வர்றேன்னிருக்கான்.

உங்களுக்கும் அதேதான். வாங்க. மதகுக்கட்டையில உட்கார இடம் இருக்கு. கயிறு நான் தர்றேன். ஆனா எழுந்து போறப்ப, கயிறும் உங்களோட கரைக்கு வரணும்.