நன்றியை எந்தக் கணக்கில் எழுதுவது?

மலையாளத்தில் நன்றிக்கு 'நந்தி' என்று பெயர். திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷம், எங்கள் கிளை ஓணக் கொண்டாட்டத்தில் மைக் பிடித்தவர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி நந்தி, நந்தி என்று அடுக்கிக்கொண்டே போனார். கும்பகோணத்துக்காரனான எனக்குப் பிரதோஷ ஞாபகம்தான் வந்தது :-)

ஓணத்தில் தொடங்கித் தீபாவளி வரைக்கும் இங்கே நந்திக்குப் பஞ்சமே கிடையாது. அத்தப்பூக்களம், கசவு வேட்டி, இலை போட்டு சத்யா, கடைசியில் நன்றியுரை. மேனேஜருக்கு, மண்டல அலுவலகத்துக்கு, பாயசம் ஸ்பான்ஸர் செய்த வாடிக்கையாளருக்கு. நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பி.காம். படித்த புத்தி இருக்கிறதே, அது எதைப் பார்த்தாலும் எதிர்ப்பதிவு எங்கே என்று தேடும். பற்று ஒரு பக்கம் என்றால் வரவு இன்னொரு பக்கம் இருக்கணும். வாயால் சொல்கிற நன்றிக்கு எந்தப் பேரேட்டிலும் பதிவு கிடையாது. செலவில்லை என்பதால்தான் இவ்வளவு தாராளமாக வழங்குகிறோமோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

நன்றியைக் கணக்கில் கொண்டுவந்த கதை ஒன்று இந்த ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. அகத்தியமலைக் காட்டில் வாழும் காணிக்காரர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் பாபநாசம், பேச்சிப்பாறை என்று நம்ம மாநிலத்திலும் இருக்கிறார்கள். ஓணத்தை ஒட்டி இவர்கள் கவடியார் அரண்மனைக்குத் தேன், வாழைக்குலை, மூங்கில் சாமான் எல்லாம் கொண்டுவருவார்கள். அரண்மனையில் ஓணப்புடவையும் பணமும் கொடுத்து அனுப்புவார்கள். மார்த்தாண்ட வர்மா எதிரிகளுக்குத் தப்பிக் காட்டில் ஒளிந்திருந்தபோது காணிகள் காப்பாற்றினார்கள், அந்த நன்றிதான் இது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அழகான வழக்கம், பேப்பரில் படமும் வரும். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

1987-ல் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு ஆராய்ச்சிக் குழு அந்த மலையில் ஏறியது. கூட வந்தவர்களுக்கு மூச்சு வாங்குகிறது, வழிகாட்டிகளாக வந்த காணிகள் மட்டும் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடக்கிறார்கள். என்ன காய் என்று கேட்டால் லேசில் சொல்லவில்லை. கடைசியில் காட்டிக்கொடுத்த செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதை வைத்து 'ஜீவனி' என்று ஒரு மருந்து செய்தது. 1995-ல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு வருஷ உரிமம் கொடுத்தார்கள். உரிமத்துக்கு 10 லட்ச ரூபாய், அது போக விற்பனையில் 2 சதவீத ராயல்டி.

அதில் சரிபாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997-ல் அவர்களுக்கென்று ஒரு டிரஸ்ட் பதிவாகி, 1999-ல் முதல் தொகையாக 5 லட்சத்துக்குச் சற்று மேல் கைமாறியது. இப்படிப் பங்கு கொடு என்று சொல்லும் உயிரியல் பன்மைச் சட்டம் இந்தியாவில் வந்ததே 2002-ல்தான். (பாதி போதுமா, எல்லாக் காணிகளையும் கேட்டார்களா என்றெல்லாம் விமர்சனம் உண்டு. செடியைப் பயிரிட்டு விற்பதில் வனத்துறைத் தடைகள் வேறு. பெரிதாகக் கொட்டிவிடவில்லை.)

அரண்மனைப் புடவை, கொடுப்பவர் மனசு வைத்தால் உண்டு. ராயல்டி அப்படி இல்லை, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். எனக்கு இந்த இரண்டாவது ரகம்தான் பிடித்திருக்கிறது.

சரி, ஆபீஸுக்கு வருவோம். 2025 ஓணத்துக்குக் கேரள அரசு ஊழியர்களுக்கு 4,500 ரூபாய் போனஸ். போனஸ் வரம்பைத் தாண்டியவர்களுக்கு 3,000 ரூபாய் உற்சவப்படி. யூனியன்களும் வருஷா வருஷம் கேட்கும், அரசும் அறிவிக்கும். பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை.

எங்கள் கிளையைக் கூட்டித் துடைக்கும் சேச்சி எந்தப் பட்டியலிலும் இல்லை. பூக்களம் போட இடத்தைக் கழுவிவிட்டதும் அவர்தான், வாடின பூவை வாரிக் கொட்டியதும் அவர்தான். ஒப்பந்தக்காரரின் ஆள் என்பதால் நன்றியுரையில் 'மற்றும் அனைவருக்கும்' என்ற இரண்டு வார்த்தைக்குள் அடக்கம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு புடவை, கவரில் கொஞ்சம் பணம் என்று கொடுப்போம். ஒரு வருஷம், "ஏஜென்சியில் போனஸ் தந்தாங்களா சேச்சி?" என்று கேட்டேன். "போனஸோ? எனிக்கோ?" என்று சிரித்தார்.

சிரிக்க ஒன்றுமில்லை. 1965-ல் வந்த போனஸ் சட்டம் (இப்போது ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, அடிப்படை மாறவில்லை) என்ன சொல்கிறது? இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடம், சம்பள உச்சவரம்புக்குள் இருப்பவர், வருஷத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், குறைந்தது 8.33 சதவீதம் கொடுத்தாகணும். லாபமோ நஷ்டமோ, பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒப்பந்தக்காரரும் முதலாளிதான். அவருடைய பில்லைப் பாஸ் செய்யும்போது பி.எஃப். சலான் கேட்கிறோமே, கூடவே போனஸ் பட்டியலையும் கேட்டால் என்ன என்று பில் பார்க்கும் நண்பரிடம் சொன்னேன். அவரும் கேட்டார். ஏஜென்சி இரண்டு மாசம் இழுத்தடித்துத் தீபாவளிக்கு முந்தின வாரம் கணக்கில் போட்டது. சேச்சி பாஸ்புக் என்ட்ரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடம் நந்தி சொல்லவில்லை. எதற்குச் சொல்லணும், அது அவர் பணம்.

பரோடாவிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இதைப் படிக்கிறவர்களும் உங்கள் ஆபீஸில் டீ கொடுப்பவரிடம், வாசலில் நிற்கும் செக்யூரிட்டியிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சட்டம் ஊருக்கு ஊர் மாறும். கேள்வி ஒன்றுதான்.

வீட்டு விஷயம் இன்னும் சிக்கல். நம்ம வீடுகளில் மனைவிக்கு நன்றி சொன்னால், "என்ன ஆச்சு, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்பார்கள். 'நமக்குள்ள என்ன நன்றி' என்பதில் நமக்கு ஒரு பெருமை. கவனித்துப் பாருங்கள், இந்த வசனத்தைச் சொல்வது எப்போதும் வேலை வாங்கிக்கொள்கிற ஆளாகத்தான் இருக்கும். வெளியூரில் இது டபுள் கொடுமை. ஊர் என்றால் அத்தை, சித்தி, நாத்தனார் எல்லாம் கூடி முறுக்குப் பிழிவார்கள். இங்கே தங்கமணி ஒருத்தி. அக்கம்பக்கத்து வீடுகளுக்காக ஓணப் பாயசம், அது முடிந்தால் நவராத்திரி கொலு, சுண்டல், அது முடிந்தால் தீபாவளி பட்சணம், லேகியம். எனக்கு லீவு வருகிற நாளெல்லாம் அவளுக்கு ஓவர்டைம்.

ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு ஏற்பாடு. திருவோணத்தன்று அடுப்பு கிடையாது, சாப்பாடு பார்சல். திருவனந்தபுரம் ஸ்பெஷலாகப் போளியும் பால்பாயசமும். (போளி நம்ம சரக்கு என்று சக ஊழியர்களோடு நான் போடும் சண்டை தனி.) இரண்டாவது, என் வருஷச் சம்பளத்தில் அதே 8.33 சதவீதம் தீபாவளிக்கு முன்னால் தங்கமணியின் கணக்குக்குப் போகும். வீட்டுச் செலவு அதில் சேராது, என்ன செய்தாய் என்று நான் கேட்கவும் கூடாது.

முதல் தடவை போட்ட அன்று ஏதாவது உருக்கமாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எஸ்.எம்.எஸ்.ஸைப் பார்த்தாள். விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டாள். "கல்யாணமாகிப் பதினாறு வருஷமாச்சு. இது நடப்பு வருஷத்துக்குத்தானே? அரியர்ஸ் எப்போ வரும்?"

வங்கிக்காரன் பெண்டாட்டி.