எல்லை பிரியலாம், வழி அடைபடலாகாது

கூட்டு ஒன்றிலிருந்து பிரிந்து செல்லும் நாடு வாழுமா, வீழுமா என்னும் வினா, 2016 சூன் 23 அன்று பிரித்தானிய மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென வாக்களித்த நாள்தொட்டு உலகெங்கும் எழுப்பப்பட்டு வருகின்றது. பிரிந்தால் வாணிகம் பாழாகும், அடுப்பில் பூனை உறங்கும் என்று அச்சுறுத்துவார் ஒருசாரார். பிரிந்த மறுநாளே பொன்மாரி பொழியும் என்று மயக்குவார் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒன்றை மறைக்கின்றனர். எல்லைக்கோடு இடம் மாறுவது வேறு. அக்கோட்டைக் கடந்து சரக்கும் மக்களும் செல்லும் பாதை அடைபடுவது வேறு. எல்லை மாறிய ஒன்றினாலேயே எந்த நாடும் கெட்டதுமில்லை. அதனாலேயே எந்த நாடும் வாழ்ந்ததுமில்லை. பாதை அடைபட்ட நாடோ இழப்பின்றித் தப்பியதில்லை.

இவ்வுண்மையை அறியத் தமிழர் இலண்டன் வரை செல்லவேண்டியதில்லை. தமிழகத்தின் வடவெல்லையிலுள்ள திருவாலங்காடும், தமிழர் உழைப்புக் கலந்து எழுந்த சிங்கப்பூருமே போதிய சான்றுகளாம்.

திருவாலங்காட்டைக் கூத்தப்பெருமானின் மணியம்பலம் அமைந்த ஊர் என்றும், காரைக்காலம்மையார் தலையால் நடந்து வந்த ஊர் என்றும் பலரும் அறிவர். அவ்வூரின் பெயர் தமிழர் கடல்வாணிக வரலாற்றோடும் பிணைந்திருப்பதை எண்ணுவார் சிலரே. அம்மையார் காரைக்கால் துறைமுகத்து வணிகர் தலைவரின் மகளார். அவர்தம் கணவர் மரக்கலமேறிச் சென்று பொருளீட்டியவர் என்று பெரியபுராணம் கூறும். 1905-இல் கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள், 31 ஏடுகளில், பழையனூரை அவ்வூர்க் கோயிலுக்கு முதலாம் இராசேந்திர சோழன் அளித்த கொடையைச் சொல்வதோடு, அவன் படை கடல்கடந்து கடாரம் வென்றதையும் சொல்கின்றன. அக்கடாரமே இன்றைய மலேசியாவின் கெடாப் பகுதி. 1088-இல் சுமத்திராத் தீவின் பாருசு என்னும் இடத்தருகே தமிழில் கல்வெட்டுப் பொறித்தவர் ஐந்நூற்றுவர் எனப்பட்ட வணிகக் குழுவினர். அக்காலத்தே ஆண்ட முதற் குலோத்துங்கனுக்கோ, ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்பது பெயராயிற்று. நாடுகளை வென்றவன் என்பதோடு, வழிவரியை நீக்கியவன் என்பதையும் மன்னனுக்குரிய பெருமையாக மதித்த மக்கள் தமிழர்! பாதை திறந்திருப்பதே வாணிகத்தின் உயிர் என்பதை அவர்க்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியிருந்ததில்லை.

அத்தகைய திருவாலங்காட்டைச் சூழ்ந்த திருத்தணிப் பகுதி, 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் தனி மாநிலமானபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்த்து அம்மாநிலத்தின்பாற் சென்றது. மங்கலங்கிழார், ம.பொ. சிவஞானம், கே. விநாயகம் முதலியோர் முன்னின்ற வடவெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாசுகர் அளித்த தீர்வின்படி இயற்றப்பட்ட 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தினாலும், 1960 ஏப்பிரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சில ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன.

இந்த மாற்றத்தால் வாணிகம் நின்றதா? இல்லை. சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி செல்லும் சாலை அவ்வாறே இருந்தது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் ஆகிய ஊர்களின் தறிகளும் ஓடின. எல்லைக்கு அப்பால் நகரித் தறிகளும் ஓடின. ஆட்சி மாறியது, அலுவலக மொழி மாறியது, பள்ளியில் தமிழ்ப் பிள்ளை தமிழில் படிக்கும் உரிமை உறுதிப்பட்டது. சந்தைக்குச் செல்லும் வழி மட்டும் மாறவில்லை. ஏன்? இரு மாநிலங்களுக்கும் நாணயம் ஒன்று, கடற்சுங்கம் ஒன்று, நாடு முழுவதும் வாணிகம் தடையின்றி நடைபெறும் என்று கூறும் 301-ஆம் பிரிவு அரசியலமைப்பில் இருந்தது. வணிகர்க்கு இருந்த தொல்லை விற்பனைவரிச் சாவடிதான். அதுவும் 2017 சூலை 1 அன்று சரக்கு, பணி வரி நடைமுறைக்கு வந்தபின் நீங்கியது. எல்லை வேறு, வழி வேறு என்பதற்கு இஃது எளிய சான்று.

எனினும், இது ஒரே நாட்டிற்குள் நிகழ்ந்த மாற்றம். நாணயமும் சுங்கமும் படையும் வேறாகும்படி ஒரு நாடு பிரிந்தால் என்ன நேரும்? அவ்வினாவுக்குரிய விடையே சிங்கப்பூர்.

மலாயா, சாபா, சரவாக்கு ஆகியவற்றோடு சிங்கப்பூரும் சேர்ந்து 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியக் கூட்டரசு அமைந்தது. சிங்கப்பூர் அதிற் சேர்ந்தமைக்குப் பெருங் கரணியம் பொதுச்சந்தை. இயற்கை வளமோ விளைநிலமோ இல்லாத சிறு தீவு, தன் தொழிலகச் சரக்கைத் தீவகற்பம் முழுதும் வரியின்றி விற்கலாம் என நம்பியது. உடன்படிக்கையில் எழுதப்பட்ட அப்பொதுச்சந்தை, ஏட்டளவில் நின்றது. தன் வரி வருவாயில் நூற்றுக்கு நாற்பது பங்கைச் சிங்கப்பூர் நடுவணரசுக்கு அளித்து வந்தது. அதனை அறுபதாக உயர்த்த வேண்டுமென்ற கோரிக்கையும் எழுந்தது. 1964-இல் இருமுறை இனக்கலவரம் மூண்டது. முடிவில், 1965 ஆகசுட்டு 9 அன்று, மலேசிய நாடாளுமன்றம் 126 வாக்குகளால், எதிர்ப்பு ஒன்றுமின்றி, சிங்கப்பூரைக் கூட்டரசினின்று நீக்கியது. தலைமையமைச்சர் இலீ குவான் யூ தொலைக்காட்சியில் மக்கள்முன் கண்கலங்கினார். விரும்பிப் பெற்ற விடுதலை அன்று அது. வெளியே தள்ளப்பட்டுக் கிடைத்த விடுதலை.

அன்று அந்நாட்டின் நிலை என்ன? மக்கள்தொகை ஏறத்தாழ 19 இலக்கம். ஆள்வீத வருவாய் ஏறத்தாழ 500 அமெரிக்க வெள்ளி. வேலையற்றோர் மிகப் பலர். குடிநீரோ சொகூர் மாநிலத்திலிருந்து குழாய்வழி வரவேண்டும். இந்தோனேசியா 1963 முதலே மலேசியாவோடு பகைத்து வாணிகத்தை முறித்திருந்தது. பிரிந்தபின் மலேசியாவும் சிங்கப்பூரும் ஒன்றன் சரக்கின்மீது மற்றொன்று வரியும் அளவுத்தடையும் விதித்தன. 1967-இல் நாணயம் பிரிந்தது. பாலத்தைக் கடக்கக் கடவுச்சீட்டு வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, நாட்டு வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை ஈட்டித்தந்த தன் படைத்தளங்களை 1971-க்குள் மூடுவதாகப் பிரித்தானிய அரசு 1968-இல் அறிவித்தது. கடற்படைத் தளத்தில் வேலை செய்த தமிழரும் மலையாளிகளும் பல்லாயிரவர்; அவர்தம் அடுப்பிலும் அச்சம் குடிபுகுந்தது.

இத்தனை இடிகளுக்கும் நடுவே அந்நாடு செய்தவை சில. முதலாவது, பிரியும் உடன்படிக்கையிலேயே தண்ணீரை உறுதிப்படுத்திக் கொண்டது. சொகூரோடு 1961-லும் 1962-லும் செய்துகொண்ட நீர் உடன்படிக்கைகளுக்கு மலேசிய அரசே பொறுப்பேற்றது. 1962-ஆம் ஆண்டு உடன்படிக்கை 2061 வரை செல்லும். பிரிவின் சினத்திலும் குழாயை மூடாத அறிவு இருபுறமும் இருந்தது. இரண்டாவது, அண்டைச் சந்தை மூடப்பட்டதைக் கண்டு தன் சந்தையையும் மூடிக்கொண்டு அமர்ந்திராமல், தொலைநாட்டுச் சந்தைகளைத் தேடியது. நிதியமைச்சராக விளங்கிய கோ கெங் சுவீயும், ஐ.நா. மன்றத்தின் வழியாக 1960-இல் வந்த ஆலந்து நாட்டுப் பொருளியலறிஞர் வின்செமியசும் வகுத்த திட்டப்படி, சதுப்பாய்க் கிடந்த சூரோங்குப் பகுதி தொழில்நகராயிற்று. கைவிடப்பட்ட கடற்படைத் துறை கப்பல் பழுதுபார்க்கும் தொழிலகமாயிற்று. 1972-இல் சரக்குப் பெட்டகத் துறைமுகம் திறக்கப்பட்டது. மூன்றாவது, பகையைப் பகையாகவே நீட்டவில்லை. 1967 ஆகசுட்டு 8 அன்று, பிரிந்து ஈராண்டு நிறையுமுன்பே, மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்சு ஆகியவற்றோடு ஒத்த உரிமையுள்ள உறுப்பாக ஆசியான் அமைப்பிற் சேர்ந்தது. ஒரு கூட்டில் அடங்கியிருக்க இயலாத நாடு, இன்னொரு கூட்டில் நிகராக அமர்ந்தது!

பயன் என்ன? இன்று அந்நாட்டின் ஆள்வீத வருவாய் 80,000 அமெரிக்க வெள்ளிக்கு மேல். அதன் ஏற்றுமதியும் இறக்குமதியும் சேர்ந்த அளவு நாட்டு விளைவுமதிப்பைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு. மலேசியாவும் கெட்டுவிடவில்லை, தன் இரப்பரும் வெள்ளீயமும் சிங்கப்பூர் வழியாகவே செல்லவேண்டும் என்றிராமல் கிள்ளான் துறைமுகத்தை வளர்த்துக் கொண்டது. 2025 சனவரியில் சொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் தனிப் பொருளியல் மண்டலத்திற்கு இரு நாடுகளும் கையெழுத்திட்டன. 1963-இல் ஏட்டில் எழுதியும் நடவாத ஒன்றை, அறுபதாண்டுகளுக்குப் பின் இரு தனிநாடுகள் தம் விருப்பால் தொடங்கியுள்ளன.

இவ்வெற்றியைப் புகழ்வார், அதற்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு முதலாளிகளை ஈர்க்கும் பொருட்டு 1968-இல் இயற்றப்பட்ட தொழிற்சட்டங்கள், உழைப்பாளர்தம் சங்க உரிமைகளை மிகவும் சுருக்கின. மற்றொரு விலை தமிழர் நெஞ்சில் தைக்க வேண்டியது. 1965-இல் இயற்றிய சட்டத்தினாலேயே தமிழைத் தன் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்றாகச் சிங்கப்பூர் உறுதிசெய்தது. அந்நாட்டுப் பணத்தாளில் தமிழ் உள்ளது. நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம். 1935-இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி போன்றோர் உழைப்பின் விளைவு அது. ஆயினும் தொழிலகத்திலும் வாணிகத்திலும் வேலைதரும் மொழி ஆங்கிலமே ஆனமையால், தமிழ்வழிப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தனர். கடைசித் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியான உமறுப்புலவர் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. தமிழை ஆட்சிமொழியாக்காத மலேசியாவிலோ, இன்றும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இயங்குகின்றன!

ஆட்சிமொழி என்னும் அரியணை கிடைத்த நாட்டில் தமிழ்வழிப் பள்ளி மறைந்தது. அரியணை கிடைக்காத நாட்டில் பள்ளி பிழைத்தது. இதன் பொருள் என்ன? சட்டத்தில் உள்ள மொழி, சம்பளத்தில் இல்லையேல், பள்ளியில் நிலைக்காது. பொருளியலை ஒருபுறமும் மொழியை மறுபுறமும் வைத்துப் பேசுவோர் இரண்டையும் அறியாதவரே.

இனிப் பிரித்தானியாவைப் பார்ப்போம் எனின், அதன் கதை தலைகீழானது. 1973-இல் ஐரோப்பியக் கூட்டிற் சேர்ந்த அந்நாடு, 2016-இல் 51.9 விழுக்காட்டு வாக்கால் விலக முடிவு செய்து, 2020 சனவரி 31 அன்று விலகியது; அவ்வாண்டு இறுதியில் பொதுச்சந்தையினின்றும் வெளியேறியது. எவரும் அதனைத் தள்ளவில்லை, தானே சென்றது. சென்றபின் என்ன உடன்படிக்கை என்பதை வாக்களிக்குமுன் எவரும் வரைந்து காட்டவில்லை. 2020 திசம்பர் 24 அன்று எட்டிய வாணிக உடன்பாட்டில் சுங்கவரி இல்லை. ஆனால் சுங்க அறிக்கையும், உணவுச் சரக்கிற்கு நலச்சான்றும், எந்நாட்டில் விளைந்தது என்னும் சான்றும் கட்டாயமாயின. பெருநிறுவனங்கள் அலுவலர் படையை வைத்து இத்தாள்களை நிரப்பின. சிறு வணிகர் பலர்க்கு ஐரோப்பியச் சந்தை எட்டாக்கனியாயிற்று. விலகியதன் விளைவாக அந்நாட்டின் ஆக்கத்திறன் நீண்ட காலத்தில் நூற்றுக்கு நான்கு குறையும் என்பது அந்நாட்டு நிதிப் பொறுப்பு அலுவலகத்தின் கணிப்பு. வரி இல்லாவிடினும் தாளே வேலியாகலாம் என்பதற்குப் பிரித்தானியா சான்று.

அவ்விழப்பை ஈடுசெய்யப் பிரித்தானியா புதுச் சந்தை தேடியதன் ஒரு விளைவே 2025 சூலை 24 அன்று இந்தியாவோடு கையெழுத்தான வாணிக உடன்படிக்கை. திருப்பூர்ப் பின்னலாடைக்கு அது வாயில் திறக்கலாம். வெளிநாட்டு வாணிகம் நடுவணரசின் அதிகாரப் பட்டியலில் உள்ளது. ஆகவே பேசுவதும் கையெழுத்திடுவதும் தில்லி. ஆக்கமும் கேடும் அடைவதோ தமிழகத்து நெசவாளரும் உழவரும். பள்ளிப்பட்டுத் தறிக்காரரும், திருவாலங்காட்டுக் கூட்டுறவுச் சருக்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் உழவரும், தம் தொழிலைத் தொடும் உடன்படிக்கையைத் தம் மொழியில் படித்தறியும் நிலை வேண்டாவா? கையெழுத்திடுமுன் மாநிலங்களைக் கலந்து கேட்பதும், வரைவைத் தமிழில் வெளியிடுவதும் சலுகைகள் அல்ல, உரிமைகள்.

திருத்தணியும் சிங்கப்பூரும் பிரித்தானியாவும் உணர்த்துவன மூன்று. எல்லை எவ்வாறு மாறினும், நீரும் சாலையும் சந்தையும் அடைபடாதபடி முன்னரே உடன்படிக்கை செய்தல் வேண்டும். தன் வருவாயைத் தன் மக்களின் தொழில்திறனுக்குச் செலவிடும் அதிகாரம் வேண்டும். ஈட்டும் பொருளுக்கும் பேசும் மொழிக்கும் இடையே பிளவு நேராமல், தமிழ் படித்தவர்க்குத் தமிழால் வேலை கிடைத்தல் வேண்டும். முதலிரண்டையும் செய்து மூன்றாவதை விட்ட நாடு செல்வம் பெறும். பள்ளியில் தன் மொழியை இழக்கும். மூன்றாவதை மட்டும் முழங்கி முதலிரண்டை மறந்த மக்கள் மொழியையும் காக்கமாட்டார், வயிற்றையும் காக்கமாட்டார்.

சுங்கம் தவிர்த்தவனைப் போற்றிய மக்கள் இம்மூன்றையும் ஒருங்கே எண்ணத் தொடங்குவாராக!