பாலர் சபைகளும் நம் பிள்ளைகளும்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது நம் பங்குகளில் இளைஞர்கள் நாடக ஒத்திகையில் இறங்குவதும், பெற்றோருள் சிலர் முகம் சுளிப்பதும் வழக்கமாகிவிட்டன. "படிக்கிற பிள்ளைக்குக் கூத்து எதற்கு?" என்று அவர்கள் கேட்கின்றனர். இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இக்கேள்வி சற்று அழுத்தமாகவே கேட்கிறது. நாம் அதை எள்ளி நகையாட மாட்டோம். கூத்துக்குப் பிள்ளையைக் கொடுத்த தலைமுறை ஒன்று நம் நாட்டில் இருந்தது. அந்த நினைவே இன்னும் அச்சமாக நிலைத்திருக்கிறது.

நம் ஊர்களுக்கு வடக்கே இருபது காதத்திற்குள் அடங்கிய மதுரையே அந்நாளைய பாலர் நாடக சபைகளின் தாய்வீடு. தூத்துக்குடிக்கு அருகில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், முதிர்ந்த நடிகர்களின் ஒழுங்கின்மையால் மனம் சலித்து, சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்த முனைந்தார். 1918-இல் மதுரையில் அவர் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் ஆறு வயதுச் சிறுவனாகச் சேர்ந்தவரே பின்னாளில் ஔவை சண்முகம் எனப் புகழ்பெற்ற டி.கே. சண்முகம். அவரும் அவர்தம் சகோதரர்களும் 1925-இல் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபாவைத் தொடங்கினர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பி.யு. சின்னப்பாவும் எம்.ஜி.ஆரும் வளர்ந்தனர். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் சபையில் சிவாஜி கணேசன் முதலில் ஏற்றது சீதை வேடம். விருதுநகர் – தென்காசி இருப்புப்பாதை 1927-இல் திறக்கப்பட்டு நம் இரு ஊர்களும் அதன் நிலையங்களான பின், திரைகளையும் பெட்டிகளையும் சுமந்து ஊர் ஊராய்ச் செல்லும் குழுக்களுக்குத் தென்திசைப் பயணம் எளிதாயிற்று.

புகழ்பெற்ற பெயர்களை அடுக்குவது எளிது. அப்பெயர்களுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளை யார் நினைக்கிறார்கள்? வறுமையால் பெற்றோர் சிறுவனைச் சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதிக் கம்பெனியில் விட்டுச் செல்வர். காலையில் பாட்டு, பகலில் வசனப் பாடம், இரவில் நாடகம். பாடம் தவறினால் பிரம்படி. வீட்டைக் காண வருடக்கணக்காகும். ஆனால் வயிறார உணவு கிடைத்தது, தெளிவான தமிழ் உச்சரிப்பு வந்தது, இசை படிந்தது. இவற்றையும் நாம் மறைத்தலாகாது.

யாவற்றினும் கொடியது மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளைக்குக் குரல் உடையும். நேற்று வரை ராஜபார்ட்டாகவோ ஸ்திரீபார்ட்டாகவோ கைதட்டல் பெற்றவன், இன்று பாட வாய் திறந்தால் கொட்டகை சிரிக்கும். பாட்டே நாடகமாய் இருந்த காலம் அது. சின்னப்பாவுக்கும் குரல் உடைந்தது. அவர் கம்பெனியை விட்டு வெளியேறி, சங்கீதத்தையும் சிலம்பத்தையும் பயின்று, வெள்ளித்திரையில் மறுபடியும் எழுந்தார். எழாதவர்கள் எத்தனையோ பேர். பள்ளிப் படிப்பும் இல்லை, கைத்தொழிலும் இல்லை, குரலும் இல்லை. இதுவே நம் பாட்டன்மாரை நடுங்க வைத்தது என்று நாம் கருதுகிறோம்.

இவ்விடத்தில் நம்மவர் பலர் மறந்துவிட்ட ஒன்றைச் சொல்லவேண்டும். கத்தோலிக்கராகிய நமக்கும் அந்த மேடைக்கும் உறவு உண்டு. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகளை இழந்து, தேவமாதாவின் அருளால் அவற்றை மீண்டும் பெற்ற ஞானசௌந்தரியின் கதை, 1948-இல் டி.ஆர். மகாலிங்கம் நடித்த படமாக வருவதற்கு வெகுமுன்பே நாடக மேடையில் மக்களைக் கண்ணீர் சிந்த வைத்தது. நவாப் இராஜமாணிக்கம் பிள்ளை, சிறுவர்களையும் ஆண்களையும் மட்டுமே கொண்ட தம் மதுரை தேவி பால விநோத சங்கீத சபாவில் 'இயேசுநாதர்' நாடகத்தை நடத்தினார். ஐயப்பன் நாடகத்தை மேடையேற்றிய அதே குழு! நம் ஆண்டவரின் பாடுகளை, கோவில் வாசலை மிதித்திராத ஆயிரக்கணக்கானோர் அவர் கொட்டகையில் கண்டனர். ஒழுக்கத்தில் மிகக் கண்டிப்பானவர் என்று பெயரெடுத்த நவாப் 1974-இல் மறைந்தார்.

அதே வேளையில் இத்தாலியின் தூரின் நகரத்தில் நிகழ்ந்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். புனித தொன் போஸ்கோ தெருவில் திரிந்த சிறுவர்களைக் கூட்டி நாடகம் ஆடவிட்டார். 1858-இல் அதற்கென விதிகளும் வகுத்தார். நாடகம் சுருக்கமாயிருக்கவேண்டும், மகிழ்விப்பதோடு நற்போதனையும் தரவேண்டும், தகாத சொல் வரலாகாது, உடைகளில் ஆடம்பரம் கூடாது என்றார். கம்பெனிக்காரருக்கு நாடகத்தின் பொருட்டுச் சிறுவன் வேண்டியிருந்தான்; தொன் போஸ்கோவுக்கோ சிறுவன் பொருட்டு நாடகம் வேண்டியிருந்தது. வேறுபாடு அவ்வளவே, ஆனால் அது சிறு வேறுபாடன்று.

கலையை இழிவென்று எண்ணும் மண்ணுமன்று இது. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராய் இருந்த (1949–52) இராஜபாளையத்துப் பெருமகன் பி.எஸ். குமாரசாமி ராஜா, தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு ஈந்தவர் அன்றோ?

ஆகவே ஒத்திகைக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்கும் தாய்மாரிடம் நாம் வாதாடப் போவதில்லை. ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும், யார் உடனிருப்பார், தேர்வு நாட்களில் என்ன செய்வீர்கள் என்று அவர்கள் பங்கு இளைஞர் குழுவினரைக் கேட்கட்டும். கேட்பதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. குழுவினருக்கும் ஒரு வார்த்தை: சென்ற ஆண்டு கபிரியேல் தூதராகப் பாடிய பையனுக்கு இவ்வாண்டு குரல் உடைந்திருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். திரை இழுக்கவும், விளக்குப் பார்க்கவும், வசனம் எடுத்துக்கொடுக்கவும் ஆள் வேண்டும். இடையருள் ஒருவனாய்க் கம்பளி போர்த்தி நிற்பதற்குக் குரலே தேவையில்லை.