நிறுத்தும் முன் மூன்று நிமிடம்: அது யார் கணக்கு?

தை பிறந்துவிட்டால் டெல்டா மாவட்டங்களில் அறுவடை இயந்திரங்களுக்கு ஓய்வு கிடையாது. ஒரு வயல் முடிவதற்குள் அடுத்த வயல்காரர் வரப்பில் வந்து நிற்கிறார். வாடகை மணிக்கணக்கில். ஆகவே கடைசி நெல் தார்ப்பாயில் விழுந்ததும் வயல்காரர் செய்யும் முதல் காரியம் கடிகாரத்தைப் பார்ப்பது. இரண்டாவது காரியம், "அணைச்சிடு தம்பி, சும்மா எதுக்கு ஓடுது?" என்று டிரைவரிடம் சொல்வது. டிரைவரும் சாவியைத் திருப்பிவிடுகிறார். சாப்பாட்டு வேளையாக இருந்தால் யாரும் சொல்லாமலே திருப்பிவிடுகிறார்.

சிக்கனம் என்று நினைத்துச் செய்யப்படும் இந்தக் காரியம் உண்மையில் பெரிய நஷ்டம். இன்றைய அறுவடை இயந்திரங்கள் பெரும்பாலானவற்றிலும், பெரிய டிராக்டர்கள் பலவற்றிலும், ஆழ்குழாய்க் கிணறு போடும் வண்டியின் கம்ப்ரசர் எஞ்சினிலும் டர்போ சார்ஜர் என்ற பாகம் இருக்கிறது. முழு வேகத்தில் பாடுபட்ட எஞ்சினைச் சட்டென்று அணைப்பது இந்தப் பாகத்தின் ஆயுளைக் குறைக்கும்.

டர்போ என்பது புதிய விந்தை அல்ல. சுவிட்சர்லாந்து எஞ்சினியர் ஆல்ஃபிரட் ப்யூகி 1905-ம் ஆண்டிலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் விவசாய டிராக்டர் அமெரிக்காவின் ஆலிஸ் சால்மர்ஸ் டி-19, ஆண்டு 1961. நம் நாட்டில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புகை விதிகள் இறுக்கப்பட்ட பிறகு, அந்த ரக எஞ்சின்களில் டர்போ சாதாரணமாகிவிட்டது. வாடகைக்கு எடுக்கும் சிறு விவசாயிக்கும் இது இனி அன்னியமான பொருள் அல்ல.

அது செய்யும் வேலை எளியது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை சைலன்சருக்குப் போகும் வழியில் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் டீசல் நன்றாக எரியும். அதே அளவு எஞ்சினில் கூடுதல் இழுவை கிடைக்கும். வீணாகப் போகும் புகையை வேலை வாங்குவதால் இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்.

ஆனால் அந்தச் சிறு அச்சு படும் பாட்டைப் பார்க்க வேண்டும். முழுப் பளுவில் அது நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்று அளவுக்குச் சுழல்கிறது. எஞ்சினோ 2,000 சுற்றை ஒட்டித்தான் ஓடுகிறது. அச்சின் ஒரு பக்கத்தில் 600 டிகிரி வரை கொதிக்கும் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. நடுவில் அச்சைத் தாங்குவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. பேரிங்கில் உலோகத்தோடு உலோகம் உரசாதபடி காப்பதும், சூட்டைக் கடத்திக்கொண்டு போவதும் அந்த எண்ணெய்தான். அதை அனுப்புவது எஞ்சினின் ஆயில் பம்ப்.

எஞ்சினை அணைத்தவுடன் பம்ப் நின்றுவிடுகிறது. அச்சு உடனே நிற்பதில்லை. புதிய எண்ணெய் வராத நிலையில் சில வினாடிகள் சுழன்றுகொண்டுதான் இருக்கும். அதைவிட மோசமானது அதற்குப் பிறகு நடப்பது. பழுக்கச் சூடேறிய இரும்புக் கூட்டிலிருந்து வெப்பம் மெல்ல நடுப்பகுதிக்கு ஏறுகிறது. அங்கே தேங்கி நிற்கும் எண்ணெயைக் கொண்டுபோக ஓட்டம் இல்லை. வாணலியில் விட்ட எண்ணெயை அடுப்பிலேயே மறந்துவிட்டால் எப்படித் தீய்ந்து அடிப்பிடிக்குமோ, அப்படி அது தீய்ந்து கரியாகிறது. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. தினம் மூன்று தடவை, ஒரு பருவம் முழுவதும் இப்படியே நடந்தால் கரி திரண்டு எண்ணெய்த் துவாரத்தை அடைக்கும், பேரிங்கை அரிக்கும், சீலைத் தின்னும்.

அறிகுறிகள் பின்னால் வரும். சைலன்சரில் நீலப் புகை, இழுவைக் குறைவு, கரும்புகை, விசில் போன்ற புதுச் சத்தம், காற்றுக் குழாயின் உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு. எண்ணெய் அதிகமாகக் கசிந்து எஞ்சினுக்குள் போனால் டீசல் எஞ்சின் அந்த எண்ணெயையே எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடவும் கூடும். அச்சு உடைந்து சிதறினால் அந்தத் துண்டுகள் எங்கே போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இத்தனைக்கும் பரிகாரம் மூன்று நிமிஷம். பளுவை விலக்கி, அறுக்கும் பகுதியின் இணைப்பை எடுத்துவிட்டு, ரேஸை முழுவதும் குறைத்து எஞ்சினை இரண்டு மூன்று நிமிஷம் மெதுவாக ஓடவிட வேண்டும். அச்சின் வேகம் இறங்கும், புகையின் சூடு தணியும், ஓடும் எண்ணெய் மிச்சச் சூட்டை வாங்கிக்கொள்ளும். பிறகு அணைக்கலாம். இயந்திரத்தோடு வரும் கையேடுகள் வெவ்வேறு நிமிஷக் கணக்கைச் சொல்லலாம். அந்தந்த இயந்திரத்துக்கு அதன் கையேடு சொல்வதே சரி. ஆனால் உடனே அணைக்கலாம் என்று எந்தக் கையேடும் சொல்லாது.

நெல் கொட்டும் நேரத்தை இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் டிரைவர்களும் உண்டு. அது தவறு. தொட்டியிலிருந்து நெல்லைத் தள்ளும்போது எஞ்சின் அதிக ரேஸில்தான் ஓடுகிறது. கொட்டி முடித்து ரேஸைக் குறைத்த பிறகுதான் நிமிஷத்தை எண்ண வேண்டும். மாறாக, வயலை விட்டு ஏறிச் சாலையில் பளு இல்லாமல் மெதுவாக வீடு வந்து சேர்ந்த டிராக்டரின் டர்போ வழியிலேயே ஆறியிருக்கும். வாசலில் அரை நிமிஷம் போதும்.

காலையில் எஞ்சினைக் கிளப்பும்போதும் இதே நியாயம்தான். இரவெல்லாம் நின்ற எஞ்சினில் எண்ணெய் முழுவதும் கீழே இறங்கியிருக்கும். கிளப்பியவுடன் உறுமவிட்டால் எண்ணெய் ஏறுவதற்கு முன்பே அச்சு சுழலத் தொடங்கிவிடும். ஒரு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, ஆயில் விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகு பளு கொடுக்க வேண்டும். ஆயில் மாற்றிய அன்றும், மாதக்கணக்கில் நின்ற பிறகும் இன்னும் சற்றுப் பொறுமை தேவை. "உறுமினால்தான் எஞ்சின் சூடாகும்" என்ற பேச்சு டர்போ இல்லாத காலத்து எஞ்சினுக்கே நல்லதில்லை.

சேற்றுழவில் இன்னொரு சங்கதி. ரோட்டவேட்டர் ஆழமாக இறங்கி, பளு தாங்காமல் எஞ்சின் தானாகவே நின்றுவிடுவது உண்டு. இது கொதிக்கும் டர்போவைச் சட்டென்று அணைத்ததற்குச் சமம். டிரைவர் இறங்கி நின்று பீடி பற்றவைக்காமல், ரோட்டவேட்டரைத் தூக்கிப் பளுவை நீக்கி, உடனே மறுபடி கிளப்பி மெதுவாக ஓடவிட வேண்டும். எண்ணெய் ஓட்டம் திரும்பினால் போதும்.

இனி காசு விஷயம். ஏனென்றால் இந்த மூன்று நிமிஷம் நடக்காமல் போவதற்குக் காரணம் அறியாமை மட்டும் அல்ல. பல டிரைவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். வாடகை மணிக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நிமிஷத்துக்கு 40 ரூபாய். மூன்று நிமிஷத்துக்கு 120 ரூபாய். ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது சும்மா போகும் பணமாகத்தான் தோன்றும். அவர் கோபித்துக்கொள்வதில் தவறில்லை. அறுக்காத நேரத்துக்கு அவர் ஏன் கூலி கொடுக்க வேண்டும்?

கொடுக்கக் கூடாது என்பதே நியாயம். டர்போவை ஆற்றுவது இயந்திரத்தைப் பராமரிக்கும் வேலை. அது உரிமையாளரின் செலவு. அறுப்பு நின்று, நெல் கொட்டி முடிந்த நிமிஷத்தோடு வாடகைக் கடிகாரம் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு எஞ்சின் ஓடுவது உரிமையாளர் கணக்கு. அப்படிப் பேசிக்கொண்டால் வயல்காரருக்கு "அணை, அணை" என்று அவசரப்படுத்தும் தேவையே இருக்காது. உரிமையாளருக்கு இதில் போவது எவ்வளவு? மெதுவாக ஓடும் டிராக்டர் எஞ்சின் மணிக்கு ஒன்று இரண்டு லிட்டர் டீசல்தான் குடிக்கும். மூன்று நிமிஷத்துக்கு ஒரு சிறு டம்ளர் அளவு. புது டர்போவின் விலையோடு, அதைக் கழற்றி மாட்டும் கூலியையும், பருவத்தில் வண்டி நிற்கும் நாள்களின் வாடகை இழப்பையும் சேர்த்துப் பார்க்கும் எந்த உரிமையாளரும் அந்த டம்ளர் டீசலுக்குத் தயங்க மாட்டார்.

வண்டி கெட்டால் முதலாளிக்குத்தானே நஷ்டம் என்று வயல்காரர் நினைப்பதும் சரியல்ல. ஓர் ஊருக்குப் பருவத்தில் வந்து சேர்வது இரண்டு மூன்று இயந்திரங்கள்தான். அதில் ஒன்று படுத்தால் முற்றிய பயிர் நிற்கிறது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. சாய்ந்த கதிரை அறுக்க நேரம் அதிகம் பிடிக்கும், வாடகையும் கூடும். நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் 17 சதவிகித ஈரப்பத விதி முன்னால் நிற்கும். வண்டி இரண்டு நாள் நின்றதன் விலையைக் கடைசியில் கொடுப்பவர் வயல்காரர்.

கூட்டாக இயந்திரம் வைத்திருக்கும் குழுக்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. தமிழக அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 2017-18 முதல் 100 விவசாயிகள் கொண்ட குழு ஒவ்வொன்றுக்கும் இயந்திரம் வாங்க 5 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. பொதுச் சொத்தில் வண்டி எல்லோருடையதும் ஆகும், டர்போ யாருடையதும் ஆகாது. இன்று ஓட்டுபவர் ஒருவர், நாளை வேறொருவர். சட்டென்று அணைத்தவர் யார் என்று ஆறு மாதம் கழித்து நீலப் புகை வரும்போது கண்டுபிடிக்க முடியாது. டர்போ உள்ள வண்டி வைத்திருக்கும் குழு, ஓட்டும் ஆளை நிலையாக வைத்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் சாவித் துவாரத்தின் பக்கத்தில் பெயின்டால் "3 நிமிடம்" என்று எழுதி வைப்பதாவது நடக்கக்கூடிய காரியம்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நல்லது என்று சொன்னதும் அரை மணி நேரம் மரத்தடியில் எஞ்சினை ஓடவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நீண்ட நேரம் மெதுவாக ஓடினால் டீசல் சரியாக எரியாமல் புகைக்கரி சேரும். டர்போவின் சீலில் எண்ணெய் கசியவும் வழியாகும். ஆறினதும் அணைத்துவிட வேண்டும்.

35, 40 குதிரைத்திறன் டிராக்டர் வைத்திருப்பவர்கள் முதலில் தங்கள் வண்டியில் டர்போ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். அந்த ரகத்தில் பலவற்றில் இல்லை. புகைக் குழாய் எஞ்சினை விட்டுக் கிளம்பும் இடத்தில் நத்தை ஓடு போன்ற வளைந்த இரும்புக் கூடு இருந்தால் அதுதான் டர்போ. அது இருந்தால் கையேட்டில் சொன்ன தரத்து ஆயிலை, சொன்ன மணி நேரத்தில் மாற்றுவதும் கட்டாயமாகிறது. பழைய ஆயில் சீக்கிரம் கரியாகும். அப்போது மூன்று நிமிஷம் ஆற்றியும் முழுப் பலன் இராது. அறுவடைக் காலத்தில் பறக்கும் சுணையும் தூசியும் ஏர் ஃபில்டரைத் தாண்டிப் போனால் காற்றுச் சக்கரத்தின் இதழ்களைத் தேய்த்துவிடும். தினம் மாலையில் அதையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

மணிக்கணக்கை மீட்டரில் பார்த்துக் கூலி போடுகிறவர்களுக்கு ஒரு விவரம். கேபிளில் ஓடும் பழைய மீட்டர் எஞ்சின் சுற்றை வைத்து எண்ணுகிறது. மெதுவாக ஓடும்போது மூன்று நிமிஷத்தை ஒரு நிமிஷம் சொச்சமாகத்தான் காட்டும். புதிய மின்னணு மீட்டர் எஞ்சின் ஓடும் நேரத்தை அப்படியே எண்ணும். எந்த மீட்டர், கடைசி மூன்று நிமிஷம் யாருடையது என்ற இரண்டையும் வண்டி வயலில் இறங்குவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளலாம்.