பரிசல்காரரைக் கேளுங்க பாஸ்!



திருச்சியில ஈ.சி.இ. படிச்சப்ப, ஃபைனல் இயர் ப்ராஜெக்டை நான் காசு கொடுத்து வாங்கினவன். வைவாவுல எக்ஸ்டர்னல் கேட்டது ஒரே கேள்விதான். "ஏம்ப்பா, இந்த ஆம்ப்ளிஃபயரை ஏன் முழு பவர்ல ஓட்டல?" திருதிருன்னு முழிச்சேன். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த வாரம்!

மார்கழி விடிகாலையில ஸ்ரீரங்கம் தெருவுல குழாய் ஸ்பீக்கர் பாட்டு கேட்டிருப்பீங்க. யாராவது ஒரு ஆர்வக்கோளாறு வால்யூமை முழுசாத் திருகினா, பாட்டு போய் 'கர்ர்ர்'தான் மிஞ்சும். மைக் செட் அண்ணன் ஓடி வந்து கொஞ்சம் குறைப்பார், சரியாயிடும்.

உங்க செல்போனுக்குள்ளயும் இதே கதைதான். டவருக்கு சிக்னலைத் தள்ளிவிடறது பவர் ஆம்ப்ளிஃபயர். உள்ளே 1 போனா வெளியே 10, 2 போனா 20 வரணும். இதுதான் லீனியாரிட்டி. உச்சத்தை நெருங்கறப்ப அது திணறி, 20க்குப் பதிலா 17தான் தரும்.

"மூணு குறைஞ்சா என்னவாம்?"னு கேக்கறீங்களா? 900, 901 மெகாஹெர்ட்ஸ்ல ரெண்டு சிக்னலை உள்ளே விடுங்க. கூப்பிடாமலே 899லயும் 902லயும் புதுசா ரெண்டு முளைக்கும். அது அடுத்தவர் சேனலா இருந்தா? தப்பு நம்மளது, கெடறது அவரோட கால்!

பழைய ஜி.எஸ்.எம். கால்களுக்கு இந்தக் கவலை இல்ல. அந்த சிக்னல் ஒரே உயரத்துல போகும். 4ஜி, 5ஜி சிக்னல் திடீர் திடீர்னு எகிறும். வால்யூமைக் குறைச்சு ஓட்டலாம்தான். ஆனா வாங்கற கரன்ட்ல பெரும்பகுதி சூடாப் போயிடும், பேட்டரி பணால்! போன்லேர்ந்து டவருக்குப் போற 4ஜி சிக்னலுக்கு மட்டும், அவ்வளவா எகிறாத எஸ்.சி.-எஃப்.டி.எம்.ஏ. முறையை வெச்சதுக்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

1927 ஆகஸ்ட் 2. ஹட்சன் நதியில ஃபெர்ரி படகுல வேலைக்குப் போயிட்டிருந்தார் பெல் லேப்ஸ் இன்ஜினீயர் ஹரால்ட் பிளாக். சட்டுனு ஒரு பொறி! கையில இருந்த நியூயார்க் டைம்ஸ் பேப்பர்லயே வரைஞ்சு தள்ளினார். வெளியே வர்றதுல கொஞ்சம் எடுத்து, உள்ளே போறதோட ஒப்பிட்டுத் திருத்தற ஐடியா. அதான் நெகட்டிவ் ஃபீட்பேக். ஆனா இன்னைக்கு செல்போன் சிக்னல் மாறற வேகத்துக்கு, தப்பு நடந்தப்புறம் திருத்தினா லேட்டு!

அப்ப என்ன வழி? நம்ம காவிரிக்கு வாங்க. பரிசல்காரர் எதிர்க்கரைக்கு நேரா துடுப்பு போட மாட்டார். தண்ணி கிழக்கே இழுக்கும்னு தெரியும். அதனால மேற்கே தள்ளிக் கிளம்புவார், சரியான துறையில இறங்குவார். ஆம்ப்ளிஃபயர் எப்படி வளைக்கும்னு முதல்லயே அளந்து, சிக்னலை அதுக்கு எதிர்ப்பக்கமா வளைச்சு அனுப்பினா, வெளியே நேரா வரும். இதுக்குப் பேரு டிஜிட்டல் ப்ரீடிஸ்டார்ஷன். டவர்கள்ல இது சகஜம், போனுக்குள்ளயும் வந்தாச்சு.

முக்கொம்புல தண்ணி திறந்தா இழுப்பு மாறும் இல்லையா? அதே மாதிரி ஆம்ப்ளிஃபயரும் சூடேறினா மாறும். அதனால வெளியே வர்றதை அடிக்கடி எட்டிப் பார்த்து, வளைக்கறதையும் மாத்திக்கணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். வெள்ளம் கரை புரண்டா எந்தப் பரிசலும் போகாது. ஆம்ப்ளிஃபயர் அடியோட முட்டி நின்னுட்டா எந்தக் கணக்கும் காப்பாத்தாது.

ரெடிமேட் ப்ராஜெக்ட் விலை விசாரிச்சுட்டிருக்கிற மக்களே, ஆக்டேவ் சாஃப்ட்வேர் இலவசம். எக்ஸ்லேர்ந்து எக்ஸ் க்யூப்ல ஒரு துளியைக் கழிங்க. அதுதான் உங்க திணறல் ஆம்ப்ளிஃபயர். ரெண்டு சிக்னலை அனுப்புங்க, பக்கத்துல முளைக்கறதை அளங்க. அப்புறம் முன்கூட்டியே எதிரா வளைச்சு அனுப்பி, எவ்வளவு குறையுதுன்னு பாருங்க. கிராஃப் சுமாரா வந்தாலும் அது உங்களோடது. எக்ஸ்டர்னல் என்ன கேட்டாலும் வாய் திறக்கலாம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து ஸ்ரீரங்கம் பஸ் ஏறி, காவிரிப் பாலத்துல போறப்ப ஐடியா வந்தா டிக்கெட் பின்னாடியே எழுதி வைங்க. ஹட்சனுக்கு ஒரு நியாயம், காவிரிக்கு ஒரு நியாயமா என்ன?