முத்திரையைப் பார்த்துப் படகேறுங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பு வந்து இறங்கினால், சரக்கைச் சரிபார்ப்பவர் முதலில் தேடுவது, எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் ஹீட் நம்பரைத்தான். எண் இல்லையென்றால், பாகம் எவ்வளவு பளபளத்தாலும் திரும்பிப் போகும். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் படகேறும்போது, பிள்ளைக்கு மாட்டிவிடும் லைஃப் ஜாக்கெட்டின் உட்புறத்தைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அந்த உட்புறத்தில்தான் விஷயமே இருக்கிறது. தயாரித்தது யார், எந்த ஆண்டு, எத்தனை கிலோ எடையுள்ளவரைத் தாங்கும் என்பதெல்லாம் அங்கே அச்சாகியிருக்க வேண்டும்.

ஆனால் முத்திரை இருந்தாலே போதும் என்றும் இல்லை. டைட்டானிக் கப்பலில் 3,560 மிதவை அங்கிகள் இருந்தன. கித்தான் துணிக்குள் தக்கைக் கட்டைகளை வைத்துத் தைத்தவை. தப்பிப் பிழைத்த சில அங்கிகள் இன்று அருங்காட்சியகங்களிலும் ஏலக்கூடங்களிலும் இருக்கின்றன. அவற்றைப் போலவே செய்து விற்கும் நகல்களில் தயாரிப்பாளரின் மை முத்திரையைக்கூட அப்படியே பதித்துவிடுகிறார்கள். அதனால் முத்திரையோடு நெசவு, தையல், தக்கை எல்லாவற்றையும் பார்த்துத்தான் அசலா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அலமாரியில் வைக்கும் பொருளில் ஏமாந்தால் போவது பணம் மட்டும்தான்.

தண்ணீரில் அப்படியல்ல. 1904 ஜூன் 15 அன்று நியூயார்க்கில் ‘ஜெனரல் ஸ்லோகம்’ என்ற உல்லாசப் படகு தீப்பிடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பல ஆண்டுகளாக மாற்றப்படாத அங்கிகளில் தக்கை தூளாகிப் போயிருந்தது. இதைவிடக் கொடுமை பிறகுதான் வெளிவந்தது. விதிப்படி இருக்க வேண்டிய எடையைச் சரிக்கட்ட, ஒரு நிறுவனம் தக்கைக் கட்டைகளுக்குள் இரும்புத் துண்டுகளைச் செருகியிருந்தது. மிதக்க வைக்க வேண்டிய பொருளுக்குள் இரும்பு!

தக்கைக்குப் பின் இலவம்பஞ்சு வந்தது, இப்போது ஃபோம். அதுவும் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்தால் கெட்டுத்தான் போகும். தயாரித்த ஆண்டு தெரியாத அங்கியை எப்போது கழிப்பது என்று யாருக்கும் தெரியாது.

2011 டிசம்பர் 25 அன்று, ஆவடி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கி அணிவதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அங்கியின் தரத்தைப் பற்றிப் பேசியது குறைவு.

எல்லாப் படகுத்துறைகளிலும் ஒவ்வொரு அங்கியின் வெளிப்புறத்திலும் வாங்கிய ஆண்டையும் தாங்கும் எடையையும் பெரிய எழுத்தில் எழுதட்டும். ஆண்டுக்கொரு முறை தண்ணீரில் போட்டுச் சோதித்து, தேறாதவற்றை ஏலம் விடாமல் கிழித்து எறியட்டும். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதன் கீழுள்ள உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். முத்திரையே இல்லாத அங்கியைக் கொடுத்தால் வேறு கேளுங்கள். கிடைக்காவிட்டால் பிள்ளைகளைப் படகில் ஏற்றாதீர்கள்.